பரசுராமன் மீசையும் சிவப்புப் படகும்

இது நடந்த கதை. எங்கள் பிள்ளையார்பாளையத்தில், எங்கள் தெருவிலேயே நடந்தது. ஒரு வார்த்தை பொய் இருந்தால், இதோ பாலாஜியின் சலூனில் மாட்டியிருக்கும் இந்தக் கண்ணாடியில் விரிசல் விழட்டும். ஏற்கெனவே ஒரு விரிசல் இருக்கிறதே என்கிறான் பாலாஜி. சரி, ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லப் போகிறேன். இழுக்காமல் எந்த நூலைத் தறியில் கட்ட முடியும்? ஆள் உண்மை, ஊர் உண்மை, படகு உண்மை, மீசை உண்மை. மீசையின் நீளம் மட்டும்தான் என்னுடையது.

மீசைக்காரர் பெயர் பரசுராமன். அவர் கடைத்தெருவுக்குக் கிளம்பினால் முதலில் மீசை போய்ச் சேரும். கொஞ்ச நேரம் கழித்து அவர் போய்ச் சேருவார். டீ வாங்கினால் முதல் மிடறு மீசைக்கு, மிச்சம்தான் அவருக்கு. மழைக்காலத்தில் கொடியில் இடம் போதாமல், அவர் மனைவி செல்லியம்மாள் மீசையில் பக்கத்துக்கு ஒரு ரவிக்கையாகக் காயப் போட்டதாகக்கூடச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்தவனைப் பார்த்தேன்.

அவருக்குத் தொழில் அட்டை அடிப்பது. புடவைக் கரையில் மயில் வர வேண்டுமென்றால், தறிக்கு மேலே ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பெட்டிக்கு வந்து போகும். ஓட்டை இருக்கிற இடத்தில் நூல் மேலே எழும்பும், இல்லாத இடத்தில் சும்மா கிடக்கும். மயில் வருவது அப்படித்தான். அந்த ஓட்டைகளைப் போட்டு, அட்டைகளை மாலை மாதிரி கயிற்றில் கோத்துக் கொடுப்பவர் பரசுராமன். அந்த மாலையை உன் தறியில் மாட்டினாலும் அதே மயில், என் தறியில் மாட்டினாலும் அதே மயில். உறைக்கு மோர் வாங்குவது மாதிரி எங்கள் தெருவில் அட்டையை இரவல் வாங்குவார்கள். அட்டை வந்தால் டிசைன் வந்தது, அட்டை போனால் டிசைன் போனது. உலகத்தில் பரசுராமனுக்குத் தெரிந்த சட்டம் இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் செல்லியம்மாள் பார்த்துக்கொள்வார்.

அவர்களுடைய ஒரே மகள் பிரியதர்ஷினி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் பொழுது போக, கையில் பிடித்து ஆடுகிற கேம் செட் ஒன்று வாங்கினாள். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு, செட்டைக் கீழே வைத்துக் கை கழுவப் போனாள். திரும்பி வந்தபோது அது அப்பா கையில் இருந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் செட்டுக்குள் செருகுகிற கேம் கார்டு கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். முதல் கார்டைக் கொடுத்தவன் முஜீப். கப்பலில் வேலை பார்க்கிறவன், ஜப்பானில் இறங்கியபோது வாங்கி வந்தான். கார்டின் மேல் ஜப்பான் எழுத்து, உள்ளே ஆட்டத்தில் இங்கிலீஷ் எழுத்து. பரசுராமனுக்கு இரண்டும் ஒன்றுதான். முஜீபின் மச்சான் ஃபைசல், பெரிய காஞ்சிபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பரசுராமனை மாமா என்று கூப்பிடுவான். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவன் அவன்தான்.

ஆட்டம் மீன் பிடிக்கிற ஆட்டம். ஒரு தீவில் குடிசை போட வேண்டும், தூண்டில் செய்ய வேண்டும், மீன் பிடித்துச் சந்தையில் விற்க வேண்டும். பரசுராமன் பகலில் அட்டை அடித்தார், சாயங்காலம் மீன் பிடித்தார். குடிசை மாடி வீடானது. தூண்டில் வலையானது. கடைசியில் மீன்களே கரைக்கு வந்து, "வேற வேலையே இல்லியா பெரியவரே?" என்று கேட்கிற நிலைமை. அந்தத் தீவில் அவர் பிடிக்காத மீன் பாக்கி இல்லை.

அப்போதுதான் டீக்கடையில் ஃபைசலின் செட்டை எட்டிப் பார்த்தார். அதே ஆட்டம், அதே தீவு. ஆனால் படகுத்துறையில் ஒரு சிவப்புப் படகு நின்றுகொண்டிருந்தது.

"இன்னாடா இது? என் துறையில இந்தப் படகு இல்லியே!"

"இது எக்ஸ்ட்ரா மாமா. இதுல ஏறினா ரெண்டாவது தீவு. எரிமலை இருக்குது, திமிங்கிலம் இருக்குது. கேம் வுட்டு ரொம்ப நாள் கழிச்சி இத கம்பெனிக்காரன் தனியா வுட்டான். நெட்டுல அவன் கடை இருக்குது. அதுல வாங்கி செட்டுல எறக்கிக்கணும். எறக்கிட்டா ஆட்டம் ஆரம்பிக்கும்போதே படகு வந்து நிக்கும்."

"அவ்ளோதானே? உன் கார்ட கொடு, ஆடிட்டுத் தரேன்."

"கார்டோட வராது மாமா. கார்டுல மொத தீவு மட்டும்தான். எக்ஸ்ட்ராவ வாங்கினது என் பேர்ல, என் அக்கவுண்டுல இருக்குது. எறங்கினது என் செட்டுக்குள்ள இருக்குது. கார்ட மட்டும் தூக்கிக்கினு போனா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

பரசுராமன் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாய்லர் ஆடியது, ஜாடியிலிருந்த பிஸ்கட்டெல்லாம் தூளானது.

"டேய், நான் அட்டை அடிக்க வந்தப்ப நீ பொறக்கவே இல்ல. டிசைனு அட்டையில இல்லாம ஆகாசத்துலயா தொங்கும்? மாட்டினா மயிலு வரணும். வர்லன்னா அட்டை அடிச்சவன் திருட்டுப் பய!"

பக்கத்து பெஞ்சில் தணிகாசலம் இருந்தார். நான்கு தறி வைத்திருப்பவர், பரசுராமனோடு கோலி ஆடி வளர்ந்தவர். பரசுராமன் "இன்னிக்கி நல்ல வெயிலு" என்றால், உடனே குடையை விரித்துக்கொள்வார். அவருக்குத் தறி ஓட்டுவது உபதொழில், பரசுராமனை மறுத்துப் பேசுவதுதான் முழுநேர வேலை.

"பையன் வெவரமா சொல்றான். நீ இன்னாத்துக்குக் கத்திக்கினு இருக்கற? வராதுன்னா வராது."

"வரும்யா."

"வராதுய்யா."

"ஃபைசலு கார்ட என் செட்டுல போடறேன். செவப்புப் படகு வந்து நிக்கும். வர்லன்னா மீசைய எடுத்துக்கினு இந்தக் கடை வாசல்ல வந்து நிக்கறேன்!"

கொதித்துக்கொண்டிருந்த பால்கூடப் பொங்குவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது.

"முழு மீசை வாணாம்," என்றார் தணிகாசலம் நிதானமாக. "முழுசா எடுத்தா சாமிக்கு வேண்டுதல்னு சொல்லித் தப்பிச்சிடுவ. பாதி எடு. வர்ற ஞாயித்துக்கெழம உன் பொண்ணுக்கு நிச்சயம் இல்ல? அதுக்குள்ள எப்ப வோணா காட்டு. காட்டலன்னா பாதி மீசையோட பந்தியில நில்லு."

பரசுராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆரணியிலிருந்து வருகிறார்கள். பெண் பார்க்க வந்தபோதே அந்த மீசையைப் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் அப்பா முதல் கும்பிடு போட்டார். பாதி மீசையோடு போய்த் தட்டு மாற்றினால் சம்பந்தி என்ன நினைப்பார்? ஆனால் வாயிலிருந்து வந்ததைத் திரும்ப விழுங்க மீசை குறுக்கே இருந்தது. "ஆவட்டும்!" என்று சொல்லிவிட்டு, ஃபைசலிடம் கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

கார்டைச் செருகினார். ஆட்டம் வந்தது. துறை வந்தது. துறையில் ஒரு காக்காய் இருந்தது. படகு இல்லை.

வெளியே எடுத்து ஊதினார். வேட்டியில் துடைத்தார். தறிப் பெட்டி தகராறு பண்ணினால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவார், அதே மாதிரி செட்டையும் தட்டினார். அட்டையைத் தலைகீழாக மாட்டினால் மயில் தலைகீழாகவாவது வரும். இதைத் தலைகீழாகத் திருப்பினால் உள்ளேயே போகவில்லை. கார்டைத் தரையில் வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் டீக்கடையிலிருந்து செல்லியம்மாளுக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது.

"ஏங்க, ஆரணிக்காரங்க முன்னாடி பாதி மூஞ்சோடவா நிக்கப் போறீங்க?"

"எடது பக்கத்த எடுத்துட்டு வலது பக்கமா திரும்பி நிக்கறேன்."

"போட்டோக்காரன் ரெண்டு பக்கமும் எடுப்பான். ஆல்பத்துல ஒரு பக்கத்துல புருசன், ஒரு பக்கத்துல பொண்டாட்டி மாதிரி இருப்பீங்க."

அந்த அம்மாள் தரையில் கிடந்த கார்டை எடுத்தார். இதைத் தொலைத்துவிட்டால் ஃபைசலுக்கு யார் பதில் சொல்வது என்று, சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

மறுநாள் பரசுராமன் ஒரு யோசனை செய்தார். படகு காசுக்குத்தானே வருகிறது? வாங்கிவிட்டால் போகிறது. படகு காட்டாத ஃபைசல் கார்டு இனி எதற்கு, தன் பழைய கார்டிலேயே படகு வந்து நிற்கும். ஃபைசல் கார்டுதான் என்று சொல்லிக் காட்டிவிடலாம், தணிகாசலம் என்ன கார்டைக் கழற்றியா பார்க்கப் போகிறார்? மகளுக்குப் போன் போட்டார்.

"இன்னா நைனா? தைக்கக் குடுத்த ஜாக்கெட்டு வந்துடுச்சா?"

"வந்துடும்மா. அது இருக்கட்டும், இந்த மீன் கேமுல ரெண்டாவது தீவுன்னு ஒண்ணு..."

"எனக்கு நிச்சயம் நைனா! உனுக்குத் தீவு கேக்குதா?"

"மீசைக்கும் நிச்சயம்தாம்மா," என்றார் பரசுராமன் பரிதாபமாக. நடந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுத்துவிட்டாள். செட் அவள் அக்கவுண்டில்தான் ஓடுகிறது, அதனால் பணம் கட்டியதும் அதுவாகவே இறங்கும் என்றாள்.

பரசுராமன் போனிலிருந்து செட்டுக்கு நெட் கொடுத்துவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு முழுத் தீவு இறங்க வேண்டும். எரிமலை இறங்க வேண்டும். திமிங்கிலம் இறங்க வேண்டும். பொழுது விடிந்துவிடும் என்று செம்பில் தண்ணீர்கூட எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு தும்மல் போட்டார். தும்மி முடிப்பதற்குள் இறங்கி முடிந்துவிட்டது.

சந்தேகத்தோடு தன் பழைய கார்டைச் செருகினார். மாடி வீடு இருந்தது, வலை இருந்தது, காக்காய் இருந்தது. படகு மட்டும் இல்லை.

சைக்கிளை எடுத்தார். அன்றைக்கு அந்தச் சைக்கிள் போன வேகத்தில் வழியிலிருந்த கோபுரமெல்லாம் கொஞ்சம் ஒதுங்கி நின்றதாகக் கேள்வி. ஃபைசலின் கடைக்குள் சைக்கிளோடு நுழைந்தார்.

"டேய், காசு கட்டியும் படகு வர்லடா!"

ஃபைசல் செட்டிலிருந்த கார்டைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மாமா, இது மச்சான் குடுத்த கார்டு. ஜப்பான் சரக்கு. பிரியா அக்கவுண்டு தொறந்தப்ப அமெரிக்கான்னு போட்டிருக்குது. நம்மூரு பசங்க நெறைய பேரு அப்பிடித்தான் போட்டு வெச்சிருக்கோம். அதனால எக்ஸ்ட்ராவ அமெரிக்கா கடையில வாங்கியிருக்குது. இந்தக் கேமுல அமெரிக்கா எக்ஸ்ட்ரா அமெரிக்கா கார்டுக்குத்தான் ஒட்டும். ஜப்பான் கார்டு அத திரும்பிக்கூடப் பாக்காது."

பரசுராமனுக்கு இது நன்றாகவே விளங்கியது. சின்னப் பெட்டிக்கு அடித்த அட்டையைப் பெரிய பெட்டியில் மாட்டினால், மயிலுக்குப் பதிலாக வாத்துகூட வராது.

"அதான் வர்லியா? அது சரி, ஒரு தீவு எப்பிடிடா தும்மறதுக்குள்ள எறங்கும்?"

"தும்மறதுக்குள்ளயா?" ஃபைசல் செட்டை வாங்கி, என்ன இறங்கியிருக்கிறது என்று தோண்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "மாமா... எறங்கினது ஒரு போட்டோ அளவுகூட இல்ல. இது சாவி மட்டும்தான்."

"சாவியா?"

"சில கேமுக்கு மொத்த சரக்கும் நெட்டுலதான் வரும். எறக்கினா செட்டுல எடமே இருக்காது. சில கேமுக்கு சரக்க கார்டுலயே வெச்சி பூட்டிடுவான். காசு கட்டினா சாவி மட்டும் வரும். அமெரிக்கா கார்ட கம்பெனிக்காரன் பின்னாடி மறுபடி புதுசா போட்டு வித்தான் இல்ல, அப்பவே ரெண்டாவது தீவ உள்ள வெச்சிட்டான் போலருக்குது. என் கார்டு அந்தக் கார்டுதான். நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்."

பரசுராமன் நிமிர்ந்து நின்றார். மீசையும் நிமிர்ந்து நின்றது.

"அப்ப படகு உன் கார்டுலதான் இருந்துச்சி?"

"இருந்திருக்குது மாமா."

"எங்கடா அந்தக் கார்டு?"

"உங்க வூட்லதானே இருக்குது!"

வீட்டில் கார்டு அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்கு நடுவில் இருந்தது. பத்திரமான இடம் என்று செல்லியம்மாள் அங்கே வைத்திருந்தார். "நல்லவேள வந்தீங்க. ரசத்துக்குத் தாளிக்க இப்பத்தான் அள்ளப் போனேன்," என்றார். பரசுராமன் கடுகைத் தட்டிவிட்டு, கார்டைச் செருகினார்.

ஆட்டம் முதலிலிருந்து ஆரம்பித்தது. அவருடைய மாடி வீடும் வலையும் ஜப்பான் கார்டைப் போட்டால்தான் திறக்கும். இங்கே ஒழுகுகிற குடிசை, ஒற்றைத் தூண்டில், பொத்தல் சட்டை. திரும்பவும் பரம ஏழை. ஆனால் துறையில், காக்காய்க்குப் பக்கத்தில், கோவைப்பழம் மாதிரி சிவப்பாக ஒரு படகு நின்றது. செல்லியம்மாள்கூடக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டு படகுக்கா இவ்ளோ கூத்து?" என்றார்.

நிச்சயத்துக்கு முதல் நாள் டீக்கடையில் கூட்டம். பரசுராமன் எல்லார் கண்ணெதிரிலும் செட்டில் ஃபைசலின் கார்டைச் செருகினார். படகு வந்தது. தணிகாசலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு ஃபைசலைப் பிடித்து உலுக்கினார். பொய் சொல்ல வராத பையன், நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டான்.

"அப்ப காசு கட்டினதாலதான் வந்துச்சி," என்றார் தணிகாசலம். "கார்டால வர்ல. கூப்புடு பாலாஜிய, எடுக்கட்டும் கத்திய."

"யோவ், படகு கார்டுக்குள்ளயே இருந்துச்சின்னு பையனே சொல்றான். நான் அன்னிக்கே இன்னா சொன்னேன்? டிசைனு அட்டையில இருக்குதுன்னு சொன்னேன். இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சி, பூட்டிக்கினு இருந்துச்சி. மொத நாளு போட்டப்ப காக்காதானே வந்துச்சி?"

"இன்னிக்கி வந்துச்சில்ல? ஞாயித்துக்கெழமைக்குள்ள எப்ப வோணா காட்டுன்னு சொன்னது யாரு, உன் தாத்தாவா?"

தணிகாசலத்துக்கு வேறொரு கோபமும் வந்துவிட்டது. "அந்தக் கம்பெனிக்காரன் இன்னா ஆளுய்யா! வூட்ட வித்துட்டு, உள்ள ஒரு ரூம பூட்டி வெச்சி, அதுக்கு சாவிய தனியா விக்கறான். நான் பொடவைய வித்துட்டு முந்தானைக்குத் தனியா காசு கேட்டா வுடுவாங்களா?"

இதற்குள் செல்லியம்மாள் வந்துவிட்டார். வெற்றிலை பாக்குத் தட்டைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார். "அண்ணே, நாளைக்கு நிச்சயத்துக்கு வந்துடுங்க. மெதுவடை, பாயசம் எல்லாம் இருக்குது. ஆனா அதுக்கு முன்னாடி அவரு மீசையில ஒரு முடி கொறஞ்சாலும் உங்க எலையில வடை வுழாது. பந்தயத்த பின்னால பாத்துக்கங்க."

தணிகாசலம் மீசையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். செல்லியம்மாளின் வடை எங்கள் தெருவில் மூன்று வழக்குகளைத் தீர்த்து வைத்திருக்கிறது. "சரிம்மா, நிச்சயம் முடியட்டும்," என்றார்.

நிச்சயம் நன்றாக நடந்தது. சம்பந்தி மறுபடியும் மீசைக்கே முதல் கும்பிடு போட்டார். போட்டோக்காரன் இரண்டு பக்கமும் எடுத்தான். தணிகாசலம் வடைக்கு ஒரு கண்ணும் மீசைக்கு ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருந்தார். பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டுப் போகும்போது, "திங்கக்கெழம சலூனுக்கு வந்துடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை. இதோ, ஓரத்து நாற்காலியில் கழுத்து வரைக்கும் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் பரசுராமன். மீசை துணிக்கு வெளியே, முழுசாக இருக்கிறது. வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் தணிகாசலம். சலூனில் இருக்கிறவர்கள் சொல்கிறபடி நடப்பதாக இரண்டு பேரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். கதையைச் சொல்லியாகிவிட்டது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"இதுல சொல்றதுக்கு இன்னா இருக்குது?" என்றார் நடு நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்த பூவராகவன். அவர் மீசையை எடுத்துக்கொண்டிருந்த பாலாஜி, வலது பக்கத்தை அப்போதுதான் முடித்திருந்தான். "படகு கார்டுல இருந்துச்சி. பரசுதான் ஜெயிச்சாரு."

கத்தியோடு நின்ற பாலாஜியின் கை நின்றுவிட்டது. "அதெப்பிடி? சாவி வர்றதுக்கு முன்னாடி கார்டு இன்னா கிழிச்சிது? தணிகாசலம்ணே சொல்றதுதான் ஞாயம்."

"ஏன்டா, உன் சலூனுக்குப் பூட்டு போட்டா உள்ள சேரே இல்லன்னு ஆயிடுமா?"

"பூட்டின சலூன்ல உனக்கு எவன்யா ஷேவிங் பண்ணுவான்?"

"அப்பிடிக் கேளுடா!" என்று வாசலிலிருந்து உள்ளே பாய்ந்தார் தணிகாசலம். "கேக்கக் கூடாது!" என்று துணியோடு எழுந்தார் பரசுராமன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பரசுராமன் பக்கம் போனார், முறைக்காகக் காத்திருந்தவர் தணிகாசலம் பக்கம் போனார், பவுடர் டப்பா யார் பக்கமும் போகாமல் நடுவில் உடைந்தது.

"டேய், நீங்க சண்ட போடுங்க, மொதல்ல என் மீசைய முடிடா!" என்று கத்தினார் பூவராகவன்.

"மொதல்ல சாவிதான் பெருசுன்னு ஒத்துக்க. அப்பறம் முடிக்கறேன்," என்றான் பாலாஜி, கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே.